தேயிலைக்காக ஒருவரும் சண்டை பிடிப்பதில்லை

என் அப்பன்,

நீ பிலடெல்பியாவுக்குப் போக இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. உன் அம்மா சார்செல் வீட்டுக் கூடத்தில் உன் பெட்டியைத் திறந்து வைத்து, ஒருநாள் மிளகாய்த்தூள் சரையை வைக்கிறா, அடுத்தநாள் எடுக்கிறா. விமான நிலையத்தில் பிடித்துவிடுவார்களோ என்று பயம். நான் பெட்டிக்குக் கிட்டப் போவதில்லை. எனக்கு ஒழுங்காக மடிக்கத் தெரிந்தது கடிதம் மட்டும்தான். அதனால் ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் நான் வழக்கமாக இருக்கிற கடையின் பின்மேசையில், ஆட்கள் வரத் தொடங்குவதற்கு முன்னம் உனக்கு இதை எழுதுகிறேன். எல்லாரும் வாசிக்கிற மாதிரி எழுதட்டோ என்று உன்னிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். "என்ரை பெயரைப் போடாட்டிச் சரி அப்பா" என்றாய். போடவில்லை. பிரான்சில் எங்கள் தமிழ்க் கடைத்தெருவான இந்த லா சப்பலில் என்னைப் போலக் கனபேர் தகப்பன்மார் இருக்கிறார்கள். அதில் ஒருவராவது என் பிழையைப் பார்த்துத் தன் பிழையை நேரத்தோடு கண்டுபிடித்தால் எனக்கு அது காணும்.

என் வேலை உனக்குத் தெரியும், வாசிக்கிறவர்களுக்குத் தெரியாது. காலையில் ஒரு உணவகத்தின் குசினியில் வேலை. பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு இந்த மேசை. இங்கே வருகிறவர்களுக்கு நான் கடிதம் எழுதிக் கொடுக்கிறேன். வதிவிட அனுமதி தருகிற பிரெஃபெக்சருக்கு, வீடு ஒதுக்குகிற சபைக்கு, பள்ளிக்கூடத்துக்கு, சம்பளம் தராமல் இழுக்கிற முதலாளிக்கு. நான் வந்த காலத்தில் எங்கள் ஆட்களில் பிரெஞ்சு எழுதத் தெரிந்தவர்கள் குறைவு. தட்டுக் கழுவிக்கொண்டே படித்த பிரெஞ்சு இது. எல்லாக் கடிதங்களும் ஒரே மாதிரித்தான் தொடங்கும்: என் நிலைமையைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். முப்பது வருசமாக மற்றவர்களின் முறைப்பாடுகளை நான் மரியாதையான வசனங்களாக மாற்றிக்கொண்டிருக்கிறேன். அந்த மனுசன்தான் தன் சொந்தப் பிள்ளையின் முறைப்பாட்டை வாசிக்காமல் விட்டவன். அதைத்தான் எழுத வந்தேன்.

அப்போது உனக்குப் பதின்மூன்று வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அம்மா குழம்பு வைத்துக்கொண்டு நின்றா, நான் அரைத் தூக்கத்தில் சோபாவில் கிடந்தேன். நீ கொப்பியோடு வந்து என் காலடியில் இருந்தாய். கொலேஜ் பள்ளிக்கூடத்தில் உனக்கு ஒரு எக்ஸ்போசே தந்திருந்தார்கள், வகுப்புக்கு முன்னால் நின்று பேசவேண்டும். அமெரிக்காவில் குடியேறியிருந்தவர்கள் இங்கிலாந்து ராசாவை எதிர்த்து எப்படிச் சுதந்திரப் போர் தொடங்கினார்கள் என்பது தலைப்பு.

"அப்பா, இஞ்சை பாருங்கோ. தேத்தண்ணிக்காக ஆரும் யுத்தம் செய்வினமே? துறைமுகத்திலை பெட்டி பெட்டியாத் தேயிலையைக் கடலுக்குள்ளை கொட்டி இருக்கினம். ஏன் அப்பா?"

உண்மையாகவே உனக்கு அது விளங்கவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாய். நான் கண்ணைத் திறக்காமலே சொன்னேன்: "வெள்ளைக்காரர் தங்களுக்குள்ளை பிடிச்ச சண்டை எங்களுக்கு எதுக்கு? போய்க் கணக்கைச் செய்." நீ கொப்பியை எடுத்துக்கொண்டு அறைக்குப் போனாய். கதவை மெதுவாகச் சாத்தினாய். அடித்துச் சாத்தியிருந்தால் எழும்பி வந்திருப்பேன்.

இரண்டு கிழமை கழித்துப் பெற்றோர் கூட்டத்துக்குப் போனபோது உன் சரித்திர ஆசிரியை, கண்ணாடி போட்ட அந்த இளம்பிள்ளை, என்னைக் கண்டதும் எழும்பிக் கைகொடுத்தா. "உங்கள் மகன் வகுப்பில் என்ன சொன்னான் தெரியுமா?" என்று கேட்டா. உன்னிடம் ஒரு பிள்ளை, மனு என்றால் என்ன என்று கேட்டதாம். அதற்கு நீ, "என் அப்பா செய்கிற வேலைதான் அது. மனிதர்களுக்குக் கோபம் வருவதற்கு முன்னால் அனுப்பவேண்டிய கடிதங்களை அவர் எழுதுகிறார்" என்று சொன்னாயாம். தட்டுக் கழுவி வெடித்துப்போன கையை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டு நான் அதைக் கேட்டேன். வீட்டுக்கு வந்து உனக்கு அதைச் சொன்னேனா? இல்லை. "கணக்கிலை இருபதுக்குப் பன்னிரண்டு எடுத்திருக்கிறாய், காணாது" என்று மட்டும் சொன்னேன். இதுவும் நான் செய்த பிழை. பிள்ளையைப் புகழ்ந்தால் கெட்டுப்போவான் என்று என் தகப்பன் நம்பினார். நானும் ஏன் என்று கேட்காமல் நம்பினேன்.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். உன் எக்ஸ்போசேத் தாள்களை அடுத்தநாள் நான் எடுத்துக்கொண்டு போய் வேலைக்குப் போகிற ரயிலில் வாசித்தேன். நாலு பக்கம். உன் கையெழுத்து அப்போது உருண்டை உருண்டையாக இருக்கும். கடலுக்கு அப்பால் இருக்கிற ராசாவின் சபை, இவர்களைக் கேட்காமலே இவர்கள் மேல் வரி போட்டது என்று எழுதியிருந்தாய். பத்திரிகைக்கும் உறுதிக் கடதாசிக்கும் முத்திரை வாங்கவேண்டும், விளையாடுகிற சீட்டுக்கட்டுக்குக் கூட. அந்தச் சபையில் இவர்களுக்காகப் பேச ஒரு ஆள் இல்லை. சனம் சத்தம் போட்டது, சபை அந்த வரியை எடுத்தது. ஆனால் எங்களுக்கு உங்கள் மேல் எதையும் போட உரிமை இருக்கிறது என்று அதோடு ஒரு சட்டமும் எழுதி வைத்தார்கள். பிறகு கண்ணாடிக்கு, கடதாசிக்கு, தேயிலைக்கு என்று திரும்ப வரி. ஊருக்குள் பட்டாளம் வந்து இறங்கியது. பனிக்கட்டி எறிந்த சனத்தின் மேல் சுட்டார்கள், ஐந்து பேர் செத்தார்கள். கடைசியில் தேயிலை. அதன் அடியில் நீ கோடு போட்டு எழுதியிருந்தாய்: அந்த நேரம் தேயிலை விலை கூடவில்லை, குறைந்தது. அப்படியென்றால் ஏன்?

அந்த "ஏன்?" எனக்கு விளங்கியது. உனக்குச் சொல்லியிருக்கலாம். ரயில் கார் து நோர் நிலையத்துக்கு வந்து சனம் எல்லாம் இறங்கின பிறகும் நான் தாள்களோடு இருந்தேன். எனக்கு யோகனின் முகம் வந்துவிட்டது.

யோகன் என் சிநேகிதன். ஒரே வகுப்பு, ஒரே சைக்கிள் கடை, ஒரே சட்டையை மாறி மாறிப் போட்ட காலம். எங்களுக்குப் பத்தொன்பது வயதாக இருந்தபோது அவனுடைய தகப்பனுக்கு அரசாங்கத்திடமிருந்து ஒரு கடிதம் வந்தது. சிங்களத்தில் இருந்தது. ஊரில் அதை வாசிக்க ஆளில்லை. யாரோ ஒருவரைத் தேடிப் பிடித்து வாசிப்பித்தபோது, யோகனின் தகப்பன் ஒரு விசாரணைக்குப் போயிருக்க வேண்டிய நாள் முடிந்துபோய் மூன்று கிழமை. அந்த மனுசன் வாசல்படியில் இருந்து அந்தக் கடதாசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு வாழ்நாள் முழுக்கத் தபால் கொண்டுபோய்க் கொடுத்தவர், தனக்கு வந்த தபாலை வாசிக்க முடியாமல் இருந்தார்.

யோகனும் நானும் ஒரு மனு எழுதினோம். எங்களுக்கு வருகிற கடிதங்களை எங்கள் மொழியில் அனுப்புங்கள் என்பதுதான் விசயம், வேறொன்றும் இல்லை. மூன்று கிழமையாகச் சைக்கிளில் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினோம். எழுதத் தெரியாதவர்கள் பெருவிரலை வைத்தார்கள். ஆனால் நாங்கள் எல்லா வீட்டுக்கும் போகவில்லை. கோயிலுக்குள் விடாமல் நாங்கள் வெளியில் நிறுத்தி வைத்திருந்த சனம் இருந்த தெருவுக்குப் போகவில்லை. போகவேண்டும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை. இதையும் எழுதி வைக்கிறேன், ஏனென்றால் உன் படிப்பு அதைப் பற்றியது.

மனுவைக் கொண்டுபோய்க் கச்சேரியில், அரசாங்க அலுவலகத்தில், கொடுத்தோம். உத்தியோகத்தர் கெட்ட மனிதர் இல்லை. "வைச்சிட்டுப் போங்கோ தம்பியவை" என்றார். ஒரு மாதம் கழித்துப் போனோம். பார்க்கிறோம் என்றார். மூன்றாம் முறை போனபோது மேசையில் அவருடைய தேத்தண்ணிக் கோப்பை இருந்தது. கோப்பைக்குக் கீழே எங்கள் மனு. கையெழுத்துகளுக்கு மேலே வட்டம் வட்டமாகக் கறை. ஒரு நாள் கறை இல்லை, பல நாள் கறை. அவர் வேண்டுமென்று செய்யவில்லை. அந்தக் கடதாசி அவருடைய கண்ணுக்குக் கடதாசியாகத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

திரும்பி வரும்போது பனங்கூடலுக்குக் கிட்ட வந்ததும் யோகன் சைக்கிளை விட்டு இறங்கினான். நான் சொன்னேன்: "விடடா, இன்னொண்டு எழுதுவம். இந்த முறை கொழும்புக்கு அனுப்புவம்." அவன் சிரித்தான். "நீ எழுது. உனக்கு எழுத்து வடிவு. வாசிக்கிற ஆள் வரும்வரைக்கும் என்னாலை காத்திருக்க ஏலாது." இரண்டு மாதத்தில் அவன் போய்விட்டான். எங்கே போனான் என்று எங்கள் வயதுக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அடுத்த வருசம் செய்தி மட்டும் வந்தது. ஆள் வரவில்லை. நான் இங்கே வந்தேன்.

அதற்குப் பிறகு நடந்த யுத்தத்தில் யார் சரி, யார் பிழை என்று தீர்ப்பெழுத நான் உனக்கு இதைச் சொல்லவில்லை. அது எல்லாப் பக்கத்துப் பிள்ளைகளையும் தின்றது. எழுதி முடிக்க எனக்குத் தகுதியும் இல்லை, மனமும் இல்லை. யோகன் துவக்கை எடுத்த நாள் எது என்று எனக்குத் தெரியாது. அவன் மனு எழுதுவதை விட்ட நாள் எனக்குத் தெரியும், பக்கத்தில் நின்றேன். உன் "ஏன்?"க்கு மறுமொழி அதுதான். தேயிலைக்காக ஒருவரும் சண்டை பிடிப்பதில்லை அப்பன். திரும்பத் திரும்பச் சொல்லியும் கேட்கப்படாமல் போனவர்கள் பிடிக்கிறார்கள். இதை நான் அந்த ஞாயிற்றுக்கிழமை உனக்குச் சொல்லியிருந்தால் யோகனைப் பற்றியும் சொல்லவேண்டி வந்திருக்கும். அதற்குப் பயந்துதான் கணக்குச் செய்யச் சொன்னேன்.

பிறகு உனக்குப் பதினெட்டு. லீசே, உயர்தரப் பள்ளிக்கூடத்தின் கடைசி வருசம். நீ எஞ்சினியராக வருவாய் என்று நான் ரூ பெர்தொனே தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். நகைக்கடைக்காரர் வரைக்கும் தெரியும். நீ சரித்திரம் படிக்கப்போகிறேன் என்றாய். சாப்பாட்டு மேசையில் ஒரே ஒருமுறை சொன்னாய். நான் பிளேட்டைத் தள்ளிவிட்டு எழும்பினேன். அதற்குப் பிறகு நீ வாயால் கேட்கவில்லை, எழுதினாய்.

முதல் கடிதம் தமிழில். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்த தமிழை எல்லாம் திரட்டி, ஒன்றரைப் பக்கம். உன் வயதில் இங்கே பிறந்த பிள்ளை ஒன்றரைப் பக்கம் தமிழ் எழுதுவது என்றால் எத்தனை நாள் இருந்திருப்பாய். நான் என்ன செய்தேன் என்று வாசிக்கிறவர்களுக்கும் சொல்கிறேன். சிவப்புப் பேனை எடுத்து அதில் இருந்த எழுத்துப் பிழைகளைத் திருத்தி, உன் மேசையில் திருப்பி வைத்தேன். பத்தொன்பது பிழை. கடிதத்தில் கேட்டதற்கு ஒரு சொல் மறுமொழி இல்லை. அது பகிடி என்றுகூட அப்போது நினைத்தேன்.

இரண்டாவது பிரெஞ்சில் வந்தது. பிழையே இல்லை. நான் பிரெஃபெக்சருக்கு எழுதுகிற மாதிரியே மரியாதையாக எழுதியிருந்தாய். அதை வாசித்தேன், ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவது உறைக்குள் ஒட்டி வந்தது. அதை நான் திறக்கவே இல்லை. சுப்பர்மார்க்கெட் விளம்பரத் தாள்களோடு சேர்த்துக் குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே வைத்தேன்.

பரீட்சை முடிந்து நாலாம் நாள் காலையில் நீ ஒரு தோள்பையோடு போனாய். அம்மா வாசலில் நின்று அழுதா. நான், "போகட்டும், பசிச்சால் வருவான்" என்றேன். நீ வரவில்லை. செந்-தெனியில் ஒரு அறையை இரண்டு பொடியங்களோடு பகிர்ந்திருக்கிறாய், பாண் கடையில் வேலை செய்துகொண்டு படிக்கிறாய் என்று அம்மாவிடமிருந்து அறிந்தேன். அம்மா கிழமைக்கு ஒருமுறை உனக்குச் சோறு கட்டிக்கொண்டு போனது எனக்குத் தெரியாது என்று நீங்கள் இரண்டு பேரும் நினைத்தீர்கள். சோற்றுப்பானையின் அளவு கூடினது குசினிக்காரனுக்குத் தெரியாமல் இருக்குமோ.

நீ போய் ஏழெட்டு மாதத்துக்குப் பிறகு ஒரு ஞாயிறு காலை அம்மா அந்த உறையைக் கொண்டுவந்து எனக்கு முன்னால் வைத்தா. ஒட்டு உடையாமல் இருந்தது. "ஊர் உலகத்தின்ரை கடிதம் எல்லாம் வாசிக்கிறியள். இதையும் ஒருக்கா வாசியுங்கோ" என்று சொல்லிவிட்டு உள்ளே போனா.

அதில் சரித்திரப் படிப்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நீ எழுதியிருந்தது இதுதான், எனக்கு மனப்பாடம்: "அப்பா, கடையிலை உங்களிட்டை ஆர் வந்தாலும் நீங்கள் முதல் கேக்கிறது 'சொல்லுங்கோ, என்ன நடந்தது?' எண்டு அம்மா சொன்னா. என்னட்டை அந்தக் கேள்வியை நீங்கள் ஒருநாளும் கேக்கேல்லை. என்னட்டைக் கேக்கிறது எத்தினை புள்ளி எண்டு மட்டும்தான். நான் என்ன படிக்கிறது எண்டு நீங்களே முடிவெடுங்கோ, ஆனால் ஒருக்கா என்னைக் கேட்டிட்டு எடுங்கோ." கீழே கையெழுத்துக்குப் பக்கத்தில், "எழுத்துப் பிழை இருந்தால் மன்னிக்கவும்" என்று போட்டிருந்தாய். அப்பன், அந்தக் கடைசி வரியை வாசித்துவிட்டு நான் குளியலறைக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு இருந்தேன்.

அப்படியும் உடனே வரவில்லை. இதுதான் எனக்கு இன்னும் வெட்கமான பகுதி. வாசித்த பிறகும் ஒரு வருசம் போனது. நான் தகப்பன், நான் ஏன் முதலில் போகவேண்டும் என்று ஒவ்வொரு காலையும் எனக்குள் ஒரு ராசா எழும்பி இருப்பான். அவனைக் கீழே இறக்கினது வன்னியிலிருந்து வந்த ஒரு மனிதர். உணவகத்தில் வேலை செய்கிறவர், நாற்பது வயதிருக்கும். அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு, மேன்முறையீடு எழுத என்னிடம் வந்தார். நான் பேனையை எடுத்து, வாய்ப்பழக்கத்தில், "சொல்லுங்கோ, என்ன நடந்தது?" என்று கேட்டேன். கேட்டதும் உன் கடிதத்து வரி ஞாபகம் வந்து பேனை நின்றது. அவர் அதைக் கவனிக்கவில்லை. சொல்லத் தொடங்கினார். இடையில் நான் வழக்கம் போல, "சுருக்கமாச் சொன்னால் எழுத லேசு" என்றேன்.

"அண்ணை, குறை நினையாதேங்கோ. இண்டைக்கு மட்டும் முழுக்கக் கேளுங்கோ. இஞ்சை வந்து ரெண்டு வருசமா எல்லாருக்கும் சுருக்கமாத்தான் சொல்லிக்கொண்டு திரியிறன்."

பேனையைக் கீழே வைத்தேன். இரண்டு மணித்தியாலம் கேட்டேன். வெளியே நாலு பேர் காத்திருந்தார்கள், போகச் சொன்னேன். முடித்தபோது அந்த மனிதர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அவை என்ன முடிவு தந்தாலும் பரவாயில்லை அண்ணை, ஒரு ஆள் கேட்டிட்டியள்" என்றார். அவருக்குப் பிறகு கார்த், வதிவிட அட்டை, கிடைத்தது, அது வேறு கதை. அடுத்தநாள் நான் குசினியில் விடுப்புக் கேட்டேன்.

செந்-தெனியில் உன் பல்கலைக்கழக வாசலில் காலை பத்து மணியிலிருந்து நின்றேன். எந்த வகுப்பு, எந்தக் கட்டடம், எதுவும் தெரியாது. இரண்டு வருசமாகப் படிக்கிற பிள்ளையின் கட்டடம் தெரியாமல் நின்றேன். ஒரு மணிக்குப் பிறகு நீ சிநேகிதர்களோடு சிரித்துக்கொண்டு வந்தாய். தாடி வைத்திருந்தாய். என்னைக் கண்டதும் உன் சிரிப்பு நின்றது.

"அம்மாவுக்கு என்னவும்...?"

"இல்லை, அம்மா சுகம். நான்தான் வந்தனான்."

ரயிலில் வசனம் வசனமாக யோசித்துக்கொண்டு வந்தது எல்லாம் போய்விட்டது. சனம் எங்களை இடித்துக்கொண்டு போனது. கடைசியில் வாயில் இருந்தது அந்த ஒன்றுதான்.

"சொல்லு அப்பன், என்ன நடந்தது?"

நீ வேறு பக்கம் பார்த்தாய். பிறகு, "கன நேரம் எடுக்கும் அப்பா" என்றாய்.

"ஓம். நான் இண்டைக்கு லீவு."

அன்றைக்கு நீ சொன்னதை எல்லாம் இங்கே எழுதமாட்டேன், அது உன்னுடையது. கதைத்துக்கொண்டே மெத்ரோ ரயிலில் ஏறினோம், எங்கே போகிறோம் என்று எனக்குத் தெரியாது. செந்-ஜெர்மன் பக்கம் இறங்கி நடந்தோம். ரூ ஜாக்கோப் தெருவில் ஒரு வீட்டுக்கு முன்னால் நீ நின்றாய். சுவரில் ஒரு கல்வெட்டு. இந்தக் கட்டடத்தில்தான் இங்கிலாந்தும் அமெரிக்காவும் சமாதானக் கையெழுத்து வைத்தன, அமெரிக்காவின் சுதந்திரத்தை ராசாவின் ஆட்கள் இங்கேதான் ஏற்றுக்கொண்டார்கள் என்று வாசித்துக் காட்டினாய். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. "இரண்டு தெரு தள்ளி ஆறு வருசம் தட்டுக் கழுவினனான்ரா. ஒவ்வொரு நாளும் இந்தச் சுவருக்குப் பக்கத்தாலை போய் வந்தனான். ஒருநாளும் நிமிர்ந்து பார்க்கேல்லை."

அங்கே நின்றுதான் நீ மிச்சக் கதையைச் சொன்னாய். சண்டை தொடங்கின பிறகும் அவர்கள் ராசாவுக்கு இன்னொரு மனு அனுப்பினார்கள். நாங்கள் உங்கள் விசுவாசமான குடிகள், இதை நிறுத்துங்கள் என்று கெஞ்சித்தான் எழுதினார்கள். ராசா அதைக் கையில் வாங்கவே மறுத்தான். அடுத்த வருசம் அவர்கள் ராசாவுக்கு எழுதவில்லை, உலகத்துக்கு எழுதினார்கள், இனி நாங்கள் தனி என்று. பிரான்சின் ராசா பகையாளிக்குப் பகையாளி என்று அவர்களுக்குக் காசும் கப்பலும் கொடுத்தான். கஜானா காலியானது. தன் வீட்டுச் சனம் பாண் இல்லை என்று எழுதின முறைப்பாடுகளைக் கேட்க அவனுக்கு நேரம் இருக்கவில்லை. அவனுக்குக் கடைசியில் நடந்தது எல்லாருக்கும் தெரியும்.

"அந்த இங்கிலாந்து ராசா பிறகெண்டாலும் அந்த மனுவை வாசிச்சவரோ?" என்று கேட்டேன்.

"தெரியாது அப்பா. ஆனால் வாங்கேல்லை."

"நானும் வாங்கேல்லைத்தான். ஆனால் வாசிச்சிட்டன். பிந்தித்தான். பத்தொன்பது பிழையும் என்ரைதான்."

நீ என் தோளில் கைவைத்தாய். உன் கை என் கையைவிடப் பெரிதாகிவிட்டது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பக்கத்தில் இருந்த கஃபேயில் இருந்து அன்றைக்குத்தான் யோகனைப் பற்றி முதல்முறை உனக்குச் சொன்னேன். நீ ஒரு கேள்விகூட இடையில் கேட்கவில்லை. முழுக்கக் கேட்டாய்.

வீட்டையும் நாட்டையும் ஒப்பிடுவது சரியில்லை என்று எனக்குத் தெரியும். எங்கள் சண்டையில் ஒருவரும் சாகவில்லை. ஒரு தாடியும் இரண்டு வருசமும்தான் செலவு. சில வீடுகளில் அதைவிடக் கூடச் செலவாகும். அதனால்தான் எழுதுகிறேன்.

இப்போது நீ ஆய்வுக்குப் போகிறாய். அந்தச் சனம் சுதந்திரம் வாங்கின பிறகு, அடிமையாக வைத்திருந்த கறுப்பு மனிதர்களும் அடிமை விலங்கு கழன்றவர்களும் அந்தப் புதுச் சபைகளுக்கு எழுதின மனுக்களை வாசிக்கப் போகிறாய். "எங்களைக் கேளாமல் எங்களை ஆளாதே" என்று யுத்தம் செய்தவர்கள், தங்களுக்கு வந்த மனுக்களை மேசைக்குக் கீழே தள்ளிவிட்டார்கள் என்று நீ எனக்குச் சொன்னபோது நான் அமெரிக்காவை நினைக்கவில்லை. நாங்கள் சைக்கிளில் போகாத அந்தத் தெருவை நினைத்தேன். அதனால் உனக்குச் சொல்ல இருக்கிற புத்தி இதுதான்: கேட்கப்படாமல் போனவன் தான் கேட்கப் பழகிவிடுவான் என்று நம்பாதே. அது தானாக வராது. எனக்கு வரவில்லை. நாளைக்கு உனக்குக் கீழே மாணவர்கள் வருவார்கள், உனக்கென்று ஒரு குடும்பம் வரும். யாராவது உன்னிடம் சின்ன விசயம் ஒன்றுக்குப் பெரிதாகச் சண்டை பிடித்தால், அந்தச் சின்ன விசயத்தைத் திருத்தப் போகாதே. எத்தனையாம் முறை சொல்கிறார்கள் என்று கேள்.

இன்னொன்று. எனக்கு வலது காது குறைந்துவிட்டது. போன மாதம் டாக்டர் சொன்னார், கருவி போடவேண்டும். காது நன்றாகக் கேட்ட காலத்தில் கேட்காதவனுக்கு இது வேணும் என்று உன் அம்மா சிரிக்கிறா. கருவிக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். அது வரும்வரைக்கும் தொலைபேசியில் கொஞ்சம் ஆறுதலாகக் கதை. விளங்காவிட்டால் "என்ன?" என்று கேட்பேன், சலிக்காதே. பிரெஞ்சில் சொன்னாலும் பரவாயில்லை. உனக்கு எது வேகமாக வருகிறதோ அதில் சொல்.

நீ போகிற செவ்வாய்க்கிழமைக்கு நான் விடுப்பு எடுத்துவிட்டேன். ரோய்சி விமான நிலையம் வரைக்கும் வருகிறேன். நான் நாட்டை விட்டு வெளிக்கிட்ட அன்று, திரும்பிப் பார்த்தால் போகமாட்டாய் என்று சொல்லி என் தகப்பன் வாசலிலிருந்தே உள்ளே போய்விட்டார். நான் பார்த்தேன். வெறும் வாசல்தான் இருந்தது. முப்பத்தைந்து வருசமாக அந்த வெறும் வாசல் என்னோடு வருகிறது. உன் அம்மாவும் உன்னைத் திரும்பிப் பார்க்கவேண்டாம் என்றுதான் சொல்லுவா. நீ பார். சோதனை வரிசை வளைகிற இடத்தில் ஒருமுறை, கண்ணாடிக்கு அப்பால் போகும்போது இன்னொருமுறை. எத்தனை முறை பார்த்தாலும் நான் அங்கே நிற்பேன்.

அப்பா